உன் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து

கோவில்பதாகை, ஆவடி
ஞாயிற்றுக்கிழமை, காலை டிபனுக்குப் பிறகு

அன்பு மகள் எழிலரசிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, பிரசன்னா மூவரும் என் இடது முழங்கால் ஒன்று நீங்கலாக நலம். அங்கே கிளாஸ்கோ குளிரில் நீயும் நிஷாவும் காய்ச்சல் தடுமன் இல்லாமல் நலமாக இருக்க வேண்டும். நிஷாவின் பெயரை நான் என் கையால் எழுதுவது இதுதான் முதல் தடவை என்று அம்மா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொல்கிறாள். நீங்கள் இருவரும் ஒன்றாக வாழ்கிறீர்கள் என்று நீ சொல்லி இரண்டு வருடம் ஆகிறது, நான் இப்போதுதான் எழுதியிருக்கிறேன், எழுத்து ஒன்றும் கோணிப் போகவில்லை.

உன் கேள்விக்கு உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வாட்ஸப்பில் நாலு வரி தட்டியிருக்கலாம், ஆனால் அதில் நான் எதை எழுதினாலும் கடைசியில் கை கூப்பிய படம் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது, இது கும்பிடு போட்டு முடிக்கிற சமாசாரம் இல்லை. அதோடு வீட்டில் வேலையும் சரியாக இருந்தது. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தபடியே எல்லோரையும் அதிகாரம் பண்ணுகிறாள். டிவி கூடாது, படிக்கக் கூடாது, குனியக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது. சொட்டு மருந்து விடுவது நான், சமையல் நானும் பிரசன்னாவும். என் ரசத்தை இரண்டு நாள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, பார்வை போனாலும் பரவாயில்லை நானே அடுப்படிக்குப் போகிறேன் என்று எழுந்துவிட்டாள், பிடித்து உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. நீ ஒன்றும் கவலைப்படாதே, டாக்டர் நன்றாக ஆறி வருகிறது என்றுதான் சொன்னார்.

உன் தம்பி பிரசன்னாவுக்கு வெள்ளானூர் இடம் ஏறக்குறைய முடிந்த மாதிரிதான் என்று போன மாதம் போனில் சொன்னேன் இல்லையா. பெண் கனிமொழிக்கு அம்பத்தூரில் இவன் கம்பெனிக்கு எதிர்க் கட்டடத்தில்தான் வேலை, பெண் பார்க்கப் போவதற்கு முன்னாலேயே இருவரும் ஒரே டீக்கடையில் நின்றிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் அப்பா வெற்றிச்செல்வன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மரியாதையான மனிதர். அந்த நேரத்தில்தான் உன் மெயில் வந்தது. உன் மாயாஜால நாவலைப் பதிப்பகத்தார் எடுத்துக்கொண்டார்கள், மாதக் கடைசிக்குள் அட்டையில் போட வேண்டிய பெயரைச் சொல்ல வேண்டும், கதையில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் காதலிக்கிறார்கள், புத்தகம் வந்தால் பேட்டி கேட்பார்கள், பேட்டியில் உன்னைப் பற்றிக் கேட்டால் நீ பொய் சொல்ல மாட்டாய், சு. எழிலரசி என்று அட்டையில் இருந்தால் அந்த சு. யார் என்று ஆவடியில் பாதிப் பேருக்குத் தெரியும், தம்பி கல்யாணம் நின்றுவிடும், அதனால் இனிஷியலும் வேண்டாம் பெயரும் வேண்டாம் புனைபெயர் வைத்துக்கொள்ளட்டுமா அப்பா என்று கேட்டிருந்தாய்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் கண்ணு, அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பெண் எவ்வளவு பொறுப்பாக யோசிக்கிறாள் என்று பெருமைகூடப் பட்டேன். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்கப் போகும்போதெல்லாம் உனக்குப் புனைபெயர் தேடினேன். ஆவடி அரும்பு என்று ஒன்று தோன்றியது, நன்றாகத்தான் இருந்தது, அம்மாவிடம் சொன்னேன், வளையல் ரிப்பன் விற்கிற கடைக்கு வைக்கிற பேர் மாதிரி இருக்கிறது என்றாள். எதற்குப் பெயர் தேடுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண் எங்கே பார்க்கிறது என்று தெரியவில்லை, முதலில் அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று படித்துக் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

நீ அனுப்பியதை ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு வந்து தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு படிக்க ஆரம்பித்தேன். கீழ் வீட்டு முஜீப் பாயின் மனைவி அஷ்ரஃபுன்னிசா கண் ஆபரேஷனை விசாரிக்க வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார், மறுநாள் பூண்டு உரிக்கிற வேலையையும் கையோடு எடுத்துக்கொண்டு வந்தார், ஆக எனக்கு இரண்டு ரசிகர்கள். அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி ஏரிகளுக்கெல்லாம் அடியில் தண்ணீர் ராஜ்யம், அதில் மதகுக்காரன் மகள் குவளை, பூந்தமல்லி அத்தர் வியாபாரி மகள் ஜமீலா முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வழி கண்டுபிடிக்கிறாள், மதகுக்கெல்லாம் தலைமைக் காவல் தாமரை அக்கா என்ற திருநங்கை. அவள் முதலில் வந்த இடத்தில் இனி யாராவது கிண்டல் பண்ணுவார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டே படித்தேன், ஒருவரும் பண்ணவில்லை, எல்லோரும் அவளுக்குப் பயந்து வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது, ஃபாக்டரியில் நான் வேலை பார்த்த செக்‌ஷனில் இப்படி ஒரு ஃபோர்மேன் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பிறகு கதையில் இளவேனில் என்ற பெண் வந்தாள். குவளை அவளைப் பார்த்ததும் பேச்சு வராமல் நிற்கிறாள், அங்கேயே எனக்கும் பேச்சு நின்றுவிட்டது. எதிரில் இரண்டு பொம்பளைகள், ஒருவர் பூண்டு உரிக்கிறார், நான் எப்படியம்மா அதை வாய்விட்டுப் படிப்பேன். அந்தக் கணத்தில் இளவேனிலை எடுத்துவிட்டு மாறன் என்று ஒரு வாலிபனைக் கொண்டுவந்து போட்டுவிட்டேன். ஃபாக்டரியில் டிராயிங்குக்குப் பொருந்தாத பாகத்தை எவனாவது ராவி ராவிப் பொருத்தினால் நான் எப்படிக் கத்துவேன் என்று உனக்குத் தெரியும், அதே வேலையை நான் செய்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நாள் அரண்மனை நீராழி வந்தது, பெண்கள் மட்டும் இறங்குகிற குளம், ஆண் வாடை பட்டால் தண்ணீர் கொதித்துவிடும் என்று நீ முன்னாலேயே எழுதி வைத்திருக்கிறாய், அதில் இவர்கள் இருவரும் காயத்தைக் கழுவ இறங்குகிறார்கள். அஷ்ரஃபுன்னிசா பூண்டைக் கீழே வைத்துவிட்டு, இன்னாண்ணே, பொம்பளைங்க குளிக்கற எடத்துல இந்தாளு எப்டி பூந்தான், தண்ணி ஏன் கொதிக்கல என்று கேட்டார். மாறுவேஷத்தில் போனான் என்றேன். வேஷம் போட்டா தண்ணிக்குத் தெரியாதா என்றார். அடுத்த பக்கத்தில் குவளை உட்கார்ந்து மாறனுக்கு ஜடை பின்னிவிடுகிறாள், குஞ்சலம் வைக்கிறாள், அவன் குடுமிக்காரன் என்று சமாளித்தேன். அதற்கடுத்த பக்கத்தில் ஜிமிக்கி தொலைந்துபோய் இருவரும் தேடுகிறார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. அம்மா மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள், அவள் பேசாமல் இருந்தாலே எனக்குப் பயம்.

அந்த நேரம் பார்த்து அஷ்ரஃபுன்னிசாவின் மகள் இஃபத் டியூஷன் முடிந்து அம்மாவைத் தேடி மேலே வந்தாள். பிளஸ் ஒன் படிக்கிற பெண், அவளுக்கு நீ முன்பே நாவலை அனுப்பிக் கருத்துக் கேட்டிருக்கிறாய் என்று எனக்குச் சொல்லியிருந்தால் இந்த மானக்கேடு இருந்திருக்காது. கொஞ்ச நேரம் வாசலில் நின்று கேட்டுவிட்டு, அங்கிள் இதுல மாறன்னு யாருமே இல்லியே, அது இளவேனில் அக்காதானே என்றாள். நான் தாளைப் பார்த்தேன், அஷ்ரஃபுன்னிசா என்னைப் பார்த்தார். அம்மா கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், கழற்றிவிட்டாள்.

"என் பொண்ணு எழுதுனதப் படிங்க. நீங்க எழுதுனத நான் அப்புறமா கேட்டுக்கறேன்."

இளவேனில் வந்த இடத்திலிருந்து மறுபடி படித்தேன். இரண்டு தடவை தண்ணீர் குடித்தேன், ஆனால் ஒரு வரி விடாமல் படித்தேன். அஷ்ரஃபுன்னிசா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. எனக்கு இது ஒத்துக்க முடியலக்கா என்று அம்மாவிடம் நேராகவே சொன்னார், பூண்டை மறுபடி கையில் எடுத்தார், பிறகு அந்தப் பொண்ணுங்க பத்திரமா ஊடு வந்து சேந்துச்சுங்களா இல்லியா, அத்தப் படிங்கண்ணே என்றார். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. இஃபத்திடம் உனக்கு இந்தக் கதை ஏன் பிடித்திருக்கிறது என்று கேட்டேன், ஏதோ காதல் கதை என்பதால் இருக்கும் என்றுதான் நினைத்தேன். அவள் சொன்னது வேறு. இந்த மாதிரி புக்குல எல்லாம் முக்காடு போட்டவ வந்தான்னா பாதியிலயே செத்துடுவா அங்கிள், ஜமீலா மட்டும்தான் கடைசிப் பக்கம் வரைக்கும் உசுரோட இருக்கா என்றாள். எனக்கு அதைக் கேட்டு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. நீ ஆறாவது படிக்கும்போது வரைந்த படங்கள் நினைவுக்கு வந்தன, ராஜகுமாரிக்கு ரோஸ் பென்சில் அடிப்பாய், சூனியக்காரியை மட்டும் உன் நிறத்தில் அடிப்பாய், ஏன் என்று கேட்டால் புஸ்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்பாய். அதெல்லாம் விளையாட்டு என்று அப்போது விட்டுவிட்டேன். நீ விட்டுவிடவில்லை என்று இப்போது தெரிகிறது.

ஆனால் என் மனதை மாற்றியது அது இல்லை. குவளை தன் அப்பாவிடம் இளவேனிலைப் பற்றிச் சொல்லப் போகிற அத்தியாயம் இருக்கிறதே, அவள் போய் நின்று சாப்டியாப்பா என்று கேட்கிறாள், அவன் சாப்பிட்டேன் என்கிறான், மறுபடியும் சாப்டியாப்பா என்கிறாள். மூன்றாவது தடவைதான் விஷயத்தைச் சொல்கிறாள். அந்த மதகுக்காரன் எழுந்து போய் மதகுத் திருகுக்கு எண்ணெய் போடுகிறான், காய்ந்திருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறான், இரவு சோறு போடும்போது அவள் தட்டில் மீன் துண்டு ஒன்று அதிகமாக வைக்கிறான். அதைப் படித்து முடித்ததும் அம்மா இஃபத்தைப் பார்த்து, நீயே எதிரில் இருக்கிற மாதிரி, இது அச்சு அசல் உங்கப்பன் என்றாள். எனக்கு மட்டும் தெரியாதா. நிஷாவைப் பற்றி நீ சொன்ன அன்று நான் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரைத் துடைக்கக் கீழே போனேன். அதை நீ கோபமாக எழுதியிருந்தால் நான் தாங்கியிருப்பேன், அந்த மதகுக்காரனை நீ இவ்வளவு பிரியமாக எழுதியிருக்கிறாய், அதைத்தான் தாங்க முடியவில்லை, பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஆளைத் தூக்கி முழுசாகப் புத்தகத்துக்குள் போட்டுவிட்டு, அட்டையில் இருந்து பெயரை மட்டும் எடுத்துவிடுகிறேன் என்றால் என்ன நியாயம் சொல்.

மறுநாளே பிரசன்னாவைக் கூட்டிக்கொண்டு வெள்ளானூர் போனேன். அம்மாவை வெயிலில் கூட்டிப் போகக் கூடாது, அதனால் நாங்கள் இருவர் மட்டும். புத்தகம் வந்த பிறகு யாரோ சொல்லி அவர்களுக்குத் தெரிவதைவிட என் வாயால் தெரிவது மேல் என்று நினைத்தேன். போண்டா வைத்தார்கள், சட்னி நன்றாக இருந்தது, அதை முடிக்கிற வரைக்கும் மழை, ஏரி, ரோடு என்று பேசிக்கொண்டிருந்தேன், பிறகு சொல்லிவிட்டேன். என் பெண் எழிலரசி நிஷா என்ற பெண்ணோடு குடும்பமாக வாழ்கிறாள், அதை மனதில் வைத்துப் பிள்ளைகள் படிக்க ஒரு கதை எழுதியிருக்கிறாள், அது அவள் பெயரில் வரப்போகிறது என்றேன். கனிமொழியின் அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வெற்றிச்செல்வன் போண்டாத் தட்டை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார். பிறகு, உங்களுக்கு இதுல சம்மதமா சார் என்று கேட்டார். அதுவரை சம்பந்தி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், சார் என்றார்.

"அவ என் சம்மதத்தக் கேக்கலீங்க. என் இனிஷியலத்தான் கேக்கறா. அது அவ பொறந்தப்பவே குடுத்தாச்சு."

இதை எங்கிருந்து சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை, யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை. அவர் கோபப்படவில்லை, அண்ணனோடு கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். இன்றுவரை சொல்லவில்லை. நானும் போன் செய்து கேட்கவில்லை. கனிமொழி தன் பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறாளாம், ஆனால் வீட்டில் பெரியப்பா முறுக்கிக்கொண்டு நிற்கிறாராம். நடக்கும் என்றும் சொல்ல முடியாது, நடக்காது என்றும் சொல்ல முடியாது. இதை உன்னிடம் மறைக்க வேண்டாம் என்று பிரசன்னாதான் சொன்னான். திரும்பி வரும்போது முத்தாபுதுப்பேட்டை வரைக்கும் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் வந்தான். நான் ஓரமாக நிறுத்தி, டேய் உன்னைக் கேட்காமல் பேசிவிட்டேனா என்றேன். இல்லப்பா, அக்காவ மறைச்சு வெச்சுகினு ஒரு கல்யாணம் பண்ணா, அப்புறம் ஆயுசுக்கும் எத்த மறைக்கறதுன்னு யோசிச்சுகினே இர்க்கணும், என்னால ஆவாது என்றான். சொன்னானே தவிர அவனுக்கு வருத்தம் இருக்கிறது, இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, அந்தப் பெண்ணை அவனுக்கு மனசாரப் பிடித்திருக்கிறது. நீ இதைப் படித்துவிட்டு உடனே போன் செய்து அவனிடம் மன்னிப்புக் கேட்டு அழுது வைக்காதே, அவனுக்கு அதுதான் பிடிக்காது. எப்போதும் போல அவனைக் கிண்டல் பண்ணு, அந்த டீக்கடை விஷயத்தைக் கேளு, அது போதும்.

நாவலில் ஒரே ஒரு குறை. கடைசிப் போரில் குவளையும் இளவேனிலும் மதகுப் பலகையை வெறும் கையால் தூக்குகிறார்கள். தண்ணீருக்கடியில் ராஜ்யம் இருப்பதை நான் ஒத்துக்கொண்டேன், குளம் கொதிப்பதையும் ஒத்துக்கொண்டேன், இதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிறைந்த ஏரியின் அழுத்தத்தில் பலகை அசையாது, திருகைச் சுற்றித்தான் ஏற்ற வேண்டும். தாமரை அக்காவையும் ஜமீலாவையும் கூப்பிட்டு நாலு பேருமாகச் சுற்றட்டும், பார்க்கவும் நன்றாக இருக்கும். இஃபத்தும் இதை ஆமோதிக்கிறாள். அவளுக்கு இரண்டாம் பாகம் வேண்டுமாம், அவள் அம்மாவுக்கு அதில் அந்தப் பெண்களுக்கு ஒழுங்காகச் சாப்பாடு போட வேண்டுமாம், கதை முழுக்கப் பட்டினியாகவே ஓடுகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அம்மாவுக்கும் ஒரு கோரிக்கை இருக்கிறது. நேற்று நான் இந்தக் கடிதத்தில் என்ன எழுதப் போகிறேன் என்று சொன்னதும், பத்து மாசம் சுமந்தவ எழுத்து எங்க போச்சு, இப்பதான் அம்மா இனிஷியலும் போட்டுக்கலாம்னு சட்டமே கீதாமே என்று கேட்டாள். கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதனால் உன் அம்மா கண்ணம்மாவின் க. முதலில், என் சு. அடுத்து. க. சு. எழிலரசி. சொல்லிப் பார்த்தேன், கொஞ்சம் கணக்கு வாத்தியார் பெயர் மாதிரி இருக்கிறது, பழகிவிடும். அங்கே உன்னை எல்லோரும் மிஸ் சுப்பராயன் என்று கூப்பிடுகிறார்கள் என்று சொல்லியிருந்தாய், நான் ஒரு நாளும் வந்து பார்க்காத ஊரில் என் பெயரைச் சொல்லி யார் யாரோ கூப்பிடுகிறார்கள், இங்கே ஆவடியில் மட்டும் அதை ஒளித்து வைப்பதா.

குளிருக்கு நல்ல கோட்டு வாங்கிக்கொள், விலையைப் பார்க்காதே. நிஷாவுக்கு ரசப்பொடி பிடித்திருந்ததாகச் சொன்னாயே, அம்மா கண் சரியானதும் அரைத்து அனுப்புகிறாள், நான் அரைத்தது வேண்டாம் என்று அவளே தடுத்துவிட்டாள். நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, நீண்ட நாள் சிரித்துக்கொண்டு வாழ வேண்டும். இது எங்கள் இருவரின் ஆசீர்வாதம், இருவருக்குமானது. பதிப்பகத்துக்கு மாதக் கடைசி வரை காத்திராமல் நாளைக்கே பெயரைச் சொல்லிவிடு. அட்டையில் இடம் பற்றாது, எழுத்து நெருக்கமாக இருக்கிறது என்று அவர்கள் ஏதாவது சொன்னால், என் எழுத்தைச் சின்னதாகப் போடச் சொல். எடுக்க மட்டும் விடாதே.

அன்பு அப்பா,
சுப்பராயன்